மோரிஸ் மைனரின் இடது சிக்னல்

இருபத்திரண்டு வருடமாகக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறேன். பிரிக்ஃபீல்ட்ஸில் குமுதா டீச்சர் என்று கேட்டுப் பாருங்கள், வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்காரர் முதல் மோனோரயில் நிலையத்தடியில் பூ விற்கிறவர் வரை வழி சொல்வார்கள். பாதிப் பேர் என்னிடம் திட்டு வாங்கித்தான் லைசன்ஸ் எடுத்தார்கள். "பரவால்ல, இந்த ஒரு தடவை விட்டுடுறேன்" என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்தக் குணம் மட்டும் இல்லாதிருந்தால், நாற்பத்தொன்பது வயதில் ஒரு துண்டு இரும்பைத் தேடிக் கிள்ளான் வரைக்கும் பேயாய் அலைந்திருக்க மாட்டேன்.

என் மாணவர்களில் கௌசிகனைப் போல் ஒரு கேஸ் வந்ததே இல்லை. வயது ஐம்பத்திரண்டு. சிலோன்காரர் வீட்டுப் பிள்ளை. தாத்தா, அப்பா, மாமா எல்லாரும் அரசாங்க உத்தியோகம் பார்த்துப் பென்ஷன் வாங்கினவர்கள். இவரும் ஓர் அரசாங்க அலுவலகத்தில் கோப்புகளோடு குடித்தனம் நடத்திக்கொண்டு, பெட்டாலிங் ஜெயாவிலிருந்து எல்ஆர்டி ரயிலிலேயே போய் வந்து, கல்யாணம் பண்ணவும் கார் ஓட்டவும் நேரமில்லாமல் ஐம்பதைத் தாண்டிவிட்டார். போன வருடம் மாமா கண்ணை மூடும்போது தம்முடைய 1957 மோரிஸ் மைனரை இவர் பெயருக்கு எழுதி வைத்துவிட்டார். ஓட்டத் தெரியாதவருக்கு ஓடாத கார்! சரி, காரைச் சீர்படுத்துவோம், அதற்குள் ஓட்டவும் கற்றுக்கொள்வோம் என்று என்னிடம் வந்து சேர்ந்தார்.

டெஸ்டில் நான்கு தடவை ஃபெயில். நான்கு தடவையும் ஒரே தப்பு. வலது பக்கம் திரும்ப வேண்டுமென்றால் மறக்காமல் சிக்னல் போடுவார். இடது பக்கம் என்றால் போடவே மாட்டார்.

"லெஃப்ட் சிக்னல் எங்க மிஸ்டர் கௌசிகன்? ரைட்டுக்கு மட்டும் கை தானாப் போகுது, லெஃப்ட்டுக்கு என்ன வந்துச்சு?"

"லெஃப்ட்ல நீங்க உக்காந்திருக்கீங்க டீச்சர். அந்தப் பக்கம் பார்த்தா மத்ததெல்லாம் மறந்துபோகுது."

சாக்குப்போக்கு சொல்கிறார் என்று நினைத்து இன்னும் நாலு திட்டு திட்டினேன். வீட்டுக்கு வந்து முகம் கழுவும்போதுதான் அவர் சொன்னது மண்டையில் ஏறியது. கண்ணாடியில் பார்த்தால் நான் இளித்துக்கொண்டு நிற்கிறேன். அடி கூறுகெட்டவளே, என்று என்னையே திட்டிக்கொண்டு விளக்கை அணைத்தேன்.

நான்காவது தடவை ஃபெயிலான அன்று மாலை, துன் சம்பந்தன் சாலை நெரிசலில், மோனோரயில் பாதைக்குக் கீழே மாட்டிக்கொண்டோம். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முன்னால் நின்ற லோரியைப் பார்த்தபடியே அவர் கேட்டார்.

"டீச்சர், நம்ம ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கலாமா?"

என் பக்கம் இருக்கிற இரண்டாவது பிரேக்கை ஓங்கி மிதித்தேன். கார் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தது.

"முதல்ல லெஃப்ட் சிக்னல் காட்டக் கத்துக்குங்க! உங்க மாமா காரு என் வீட்டு வாசல்ல லெஃப்ட் சிக்னல் காட்டித் திரும்பட்டும், அன்னிக்குச் சொல்றேன் சரின்னு!"

பதற்றத்தில் கத்தியதுதான். வேறு யாராவது இருந்தால் முகம் சுருங்கியிருப்பார்கள். இந்த மனுஷன் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தை எடுத்து, தேதி போட்டு, நான் சொன்னதை ஒரு வரி விடாமல் எழுதி, "சரி டீச்சர்" என்று மூடி வைத்தார். என் கோபத்தை அதுவரை யாரும் மனுவாக ஏற்றுக்கொண்டதில்லை.

ஐந்தாவது தடவை பாஸ் பண்ணிவிட்டார். மோரிஸைப் பெட்டாலிங் ஜெயாவில் சுகுமாறன் என்ற பழைய கார் மெக்கானிக்கிடம் விட்டிருந்தார். "இஞ்சின் என் பொறுப்பு, சாமான் தேடுறது உங்க பொறுப்பு அண்ணே" என்று சொல்லி அவர் ஒரு பட்டியலைக் கொடுத்தார். மொத்தம் முப்பத்தொரு சாமான். கௌசிகன் அதைத் தம் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு என்னிடம் காட்டினார். கடைசி வரி: 'இடது சிக்னல் கை.'

அந்தக் காலத்து மோரிஸில் இப்போதிருக்கிற மாதிரி மின்னும் விளக்கு கிடையாது. முன்கதவுக்குப் பின்னால் இருக்கும் தூணில் ஒரு பிளவு. ஸ்விட்சைத் திருப்பினால் அதற்குள் தொங்கிக்கொண்டிருக்கும் ஒரு மெல்லிய இரும்புக் கை, ஆரஞ்சு நிறக் கண்ணாடியோடு, டக்கென்று எழுந்து நீட்டிக்கொண்டு நிற்கும். மாமாவின் காரில் வலது கை இருந்தது. இடது பக்கம் வெறும் ஓட்டை, அதற்குள் ஒரு பல்லிக் குடும்பம்.

நான் கண்டிஷன் போடும்போது இது எனக்குச் சத்தியமாகத் தெரியாது. அரசாங்க வண்டிப் பரிசோதனைக்காகச் சுகுமாறன் பின்னால் இரண்டு மஞ்சள் விளக்கு பொருத்திக் கொடுத்தார். சட்டத்துக்கு அது போதுமாம். எனக்கும் போதும் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "சும்மா விளக்கை மாட்டிட்டு சிக்னல்னு சொல்லாதீங்க. மோரிஸ்னா கை எழும்பணும்" என்று வாய் தன்பாட்டுக்குப் பேசிவிட்டது. கௌசிகனும் விளக்கு போதுமா என்று கேட்கவில்லை. "ஓம், அதுதான் முறை" என்று தலையாட்டினார். இரண்டு பிடிவாதத்துக்கும் நடுவில் கல்யாணம் மாட்டிக்கொண்டது.

அப்புறம் ஆரம்பித்தது கூத்து. "சும்மா துணைக்கு வரேன்" என்று முதல் ஞாயிற்றுக்கிழமை கிளம்பியவள், அடுத்த ஞாயிறு அவர் வருவதற்கு அரை மணி முன்பே வாசலில் நின்றேன். பழைய இரும்புக் கடை, மூடிக்கிடந்த ஒர்க்‌ஷாப், யாரோ ஒரு அங்கிளின் கோழிக்கூடு, ஒன்றையும் விடவில்லை. கோழிக்கூட்டில் கதவுக் கைப்பிடி கிடைத்தது. ஹாரன் பொத்தான் பாசார் மாலாமில், அந்த இரவுச் சந்தைக் கடையொன்றில், பழைய காசுகளுக்கும் கைக்கடிகாரங்களுக்கும் நடுவில் கிடந்தது. ஒவ்வொன்று கிடைக்கும்போதும் நடுரோட்டில் இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகளாகக் குதித்தோம். அவர் பேனாவைத் திறந்து நோட்டில் சரிக்குறி போடுவார். அந்தச் சரிக்குறியைப் பார்க்க நான் எட்டிப் பார்ப்பேன். அவர் சட்டையில் திருநீறும் கிரீஸும் சேர்ந்து மணக்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கூத்து பங்சாரில். ஒரு சாப்பாட்டுக் கடையில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுக் கல்லாவுக்குப் போனால், அங்கே திருநீறு வைத்திருந்த தட்டில் ஓர் 'M' எழுத்து தெரிகிறது. திருநீற்றை நெற்றியில் பூசுவது போல் விரலால் ஒதுக்கி ஒதுக்கிப் பார்த்தார் கௌசிகன். மோரிஸ் சக்கரத்தின் மூடி! அவர் நெற்றி முழுக்க வெள்ளையாகிவிட்டது. நான் நேரே பக்கத்துக் கடைக்கு ஓடி, நல்ல எவர்சில்வர் தட்டு ஒன்று வாங்கிவந்து, "பாஸ், புதுசு எடுத்துக்குங்க, பழசைக் கொடுத்துடுங்க" என்றேன். கடைக்காரர் எங்களைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் வயிறு வலிக்கச் சிரிப்பு வருகிறது.

முப்பது சாமானும் கிடைத்துவிட்டன. கார் ஓடவும் ஆரம்பித்துவிட்டது. பின்கண்ணாடியில் புதிதாக லைசன்ஸ் எடுத்தவருக்கான 'P' ஸ்டிக்கரோடு அறுபது வயது தாண்டிய மோரிஸ் போவதைப் பார்த்து ரோட்டில் லோரிக்காரர்கள் ஹாரன் அடித்துக் கை காட்டினார்கள். அந்த இடது சிக்னல் கை ஒன்றுதான் இல்லை. இங்கிலாந்திலிருந்து ஒன்று வரவழைத்தோம். அது வேறு மாடல், பிளவுக்குள் அடங்காமல் வெளியே துருத்திக்கொண்டு நின்றது. இரண்டாவது வரும்போதே இரண்டாக உடைந்து வந்தது. மூன்றாவதுக்கு மூன்று மாதம் ஆகும் என்று பதில் வந்தது.

அப்போது ஆனி மாதம் பாதி ஓடிவிட்டது. அடுத்து ஆடி. ஆடியில் நம்மவர்கள் யாரும் தாலி கட்ட மாட்டார்கள். நாற்பத்தொன்பது வருடம் தனியாக இருந்தவளுக்கு ஓர் ஆடி மாதம் பெரிய விஷயமா என்று நீங்கள் கேட்கலாம். பெரிய விஷயம்தான்! எனக்கு அவரை அவ்வளவு பிடித்துவிட்டது. ராத்திரி சாப்பிட உட்கார்ந்தால் எதிர் நாற்காலி காலியாக இருப்பது கண்ணை உறுத்தியது. முன்னெல்லாம் அந்த நாற்காலியில் துணி மடித்து வைப்பேன், அவ்வளவுதான். ஆனால் இதையெல்லாம் அவரிடம் சொல்வேனா? செத்தாலும் மாட்டேன். "உங்க காரு வேலை சீக்கிரம் முடியணுமேன்னுதான் அலையறேன்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவரும் அதை அப்படியே நம்பினார்.

சுகுமாறன்தான் துப்புக் கொடுத்தார். "கிள்ளான்ல ஒரு போத்தோங் கடை இருக்கு. பழைய காரெல்லாம் அறுத்து விக்கிற கடை. மொதலாளி தவுக்கேக்கு எம்பது வயசு, ஆனா எந்தக் காரு எப்ப வந்துச்சுன்னு மனப்பாடமாச் சொல்லுவாரு."

வெள்ளிக்கிழமை கௌசிகன் லீவு போட்டார். நான் மூன்று மாணவர்களுக்கு வகுப்பை ரத்து செய்தேன். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை. ஃபெடரல் ஹைவேயில் மோரிஸ் அறுபதுக்கு மேல் போகமாட்டேன் என்று அடம்பிடித்தது. எல்லா லோரியும் எங்களை முந்திக்கொண்டு போனது. ஜன்னலை இறக்கிவிட்டுக் கையை வைத்துக்கொண்டேன். சந்தோஷமாக இருந்தது, ஏனென்று தெரியவில்லை.

தவுக்கே சிங்லெட் பனியனோடு கதவுகளின் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். சீனர்தான், ஆனால் தமிழ் தண்ணீர்பட்ட பாடு. நாங்கள் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. "மோரிஸா? இருவது வருசம் முன்ன ஒன்னு அறுத்தோம்லா. லெஃப்ட் சிக்னல் கை கார்த்திகேசு வீட்டுக்கு எடுத்துட்டுப் போனான். நம்மகிட்ட வேலை செஞ்ச ஆளு. அவன் செத்துட்டான், பொண்டாட்டி இருக்கு. போர்ட் கிள்ளான் போற ரோட்டுல, பச்சை கேட்டு வீடு."

பச்சை கேட் வீட்டில் கார்த்திகேசுவின் மனைவி வள்ளியம்மா ஆன்டி எங்களைப் பழகினவர்கள் மாதிரி உட்கார வைத்துத் தேத்தண்ணீர் கலக்கிக் கொடுத்தார். எழுபது வயதிருக்கும். விஷயத்தைச் சொன்னதும் ஒரு பெரிய பால் டின்னைத் தூக்கிவந்து தரையில் கொட்டினார். "அவரு சாமானெல்லாம் இதுலதான் இருக்கு, நல்லாத் தேடிப் பாருங்க." நட்டு, போல்ட்டு, பழைய சாவி, உடைந்த மீட்டர். முட்டி தேய மண்டியிட்டுத் தேடினோம். சிக்னல் கை இல்லை.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா வந்திருக்கீங்க, சாமி கும்பிட்டுட்டுப் போங்க" என்றார் ஆன்டி.

சாமி அலமாரிக்கு முன்னால் போய் நின்றோம். அப்போதுதான் அபிஷேகம் முடிந்திருந்தது. நடுவில், பித்தளைத் தாம்பாளத்தில், ஒரு சின்ன வேல். கழுத்தில் மல்லிகைச் சரம், இடுப்பில் மஞ்சள் பட்டுத் துண்டு, மேலிருந்து கீழே மூன்று சந்தனப் பொட்டு. விளக்கு அசைந்தது. பொட்டுக்களுக்கு நடுவே ஆரஞ்சு நிறத்தில் ஒரு கண்ணாடி மினுங்கியது.

கௌசிகன் கும்பிட்ட கையை இறக்காமலே முழங்கையால் என்னை இடித்தார். "டீச்சர்."

"பேசாதீங்க."

"டீச்சர், அது..."

"எனக்கும் கண்ணு இருக்கு. பேசாதீங்க."

சிரிப்பு நெஞ்சிலிருந்து ஏறித் தொண்டையில் முட்டியது. இருமுவது போல் நடித்தேன். பக்கத்தில் அந்த மனுஷனுக்குத் தோள் குலுங்குகிறது. ஆன்டி கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டிருந்தார். கற்பூரம் காட்டினார். நாங்கள் இருவரும் மோரிஸ் மைனரின் இடது சிக்னல் கைக்கு விழுந்து கும்பிட்டு எழுந்தோம்.

வாசலுக்கு வந்ததும் அவர் சொன்னார், "போயிடலாம் டீச்சர். ஒரு வீட்டு சாமியப் போய் எப்படிக் கேக்குறது?" சொன்னபோது அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டிருந்தது. எனக்குப் பங்சார் தட்டு ஞாபகம் வந்தது. ஆடிக்கு இன்னும் இரண்டு வாரம் என்பதும் ஞாபகம் வந்தது. திரும்பி நேரே உள்ளே போனேன்.

"ஆன்டி, கோவிச்சுக்காதீங்க. உங்க வேலு... அது வேலு இல்ல. பழைய காரோட சிக்னல். நாங்க தேடி வந்ததே அதைத்தான்."

சொல்லிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். விளக்குமாறு வரும் என்று எதிர்பார்த்தேன். சிரிப்புச் சத்தம் வந்தது.

"எனக்குத் தெரியும்லா!" ஆன்டி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆயுத பூசைக்கு அவரு ஸ்பேனரெல்லாம் கழுவி சாமிகிட்ட வச்சாரு. மறுநாள் எல்லாத்தையும் எடுத்துட்டு இதை மட்டும் மறந்துட்டாரு. சந்தனம் குங்குமத்தோட தனியா நிக்குது. நான் வேலுன்னு நெனச்சேன். யாரு வச்சாங்கன்னே தெரியலயே, முருகனே வந்துட்டாருன்னு பாலை ஊத்திட்டேன். அந்த வாரம்தான் என் மகளுக்கு வேலை கிடைச்சுது. அப்புறம் விடுவேனா?"

"அங்கிள் ஒன்னும் சொல்லலயா?"

"வாயே தெறக்கல மனுசன்! நான் விழுந்து கும்பிட்டா பக்கத்துல நின்னு அவரும் கும்பிடுவாரு. அவரு போனப்புறம் ஒரு நாள் தேய்ச்சு வெளக்குறேன், பின்னாலேருந்து ஒயரு வருது. வேலுக்கு எதுக்கும்மா ஒயரு? அன்னிக்கு முழுக்க அந்த மனுசனை நெனச்சு அழுதேன், சிரிச்சேன். அதுக்குள்ள எட்டு வருசம் கும்பிட்டாச்சு. கும்பிட்டது கும்பிட்டதுதான, அதை எப்படித் திருப்பி எடுக்குறது?"

பிரிக்ஃபீல்ட்ஸில் நல்ல வெள்ளி வேல் வாங்கித் தருகிறேன் என்றேன். மகள் வாங்கிக் கொடுத்த வெள்ளி வேலே அலமாரியில் சும்மா கிடக்கிறது என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எனக்கு ஒன்னும் இல்ல. அதையே கேட்டுப் பார்ப்போம். வரேன்னு சொன்னா தூக்கிட்டுப் போங்க" என்றார்.

பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவானது. ஒரு வாழையிலைத் துண்டில் சிவப்புச் செம்பருத்தி, இன்னொன்றில் வெள்ளை நந்தியாவட்டை. இரண்டையும் ஒரே மாதிரி மடித்து நூல் சுற்றி, சிக்னல் கையின் முன்னால் வைத்தார். சிவப்பு வந்தால் எங்களோடு வரும். வெள்ளை வந்தால் அங்கேயே இருக்கும். எடுப்பதற்கு விவரம் தெரியாத ஒருவர் வேண்டும். ஆன்டி வேலிக்கு அந்தப் பக்கம் குரல் கொடுத்தார். பக்கத்து வீட்டுச் சீன ஆன்டி, கீரை அலசிக்கொண்டிருந்தவர், ஈரக் கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு வந்தார். இந்த வீட்டில் எல்லாக் கல்யாணப் பேச்சுக்கும் பூ எடுத்துக் கொடுத்தவர் அவர்தானாம்.

என் வாழ்க்கையில் அப்படிச் சாமி கும்பிட்டதில்லை. முருகா, நீ யார் உருவத்தில் வேண்டுமானாலும் இரு, சிவப்பாக வா என்று மிரட்டினேன். சீன ஆன்டி யோசிக்கவே இல்லை. ஒன்றை எடுத்து நூலைப் பிரித்தார்.

வெள்ளை.

"பாகுஸ்?" என்றார். நல்லதுதானே என்று கேட்கிறார், பாவம்.

"மூணு தடவை பார்க்கலாம் ஆன்டி! ரெண்டு தடவை எது வருதோ அது!" என்று கத்தினேன்.

"பேட்மிண்டனா விளையாடுறோம்? சாமிகிட்டப் போய் மூணு செட்டு கேக்குற!"

அவ்வளவுதான், எனக்குத் தாங்கவில்லை. சாமி அலமாரிக்கு முன்னாலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டேன். பரீட்சையில் தோற்று அழுத எத்தனை பிள்ளைகளைத் திட்டியிருப்பேன்! "இது கிடைச்சாத்தான் ஆன்டி எனக்குக் கல்யாணம். ரெண்டு வாரத்துல ஆடி வந்துரும். என்னால இன்னும் ஒரு மாசம் அந்த வீட்ல தனியா உக்காந்து சாப்பிட முடியாது."

"மாப்பிள்ளை யாரும்மா?"

"இதோ நிக்கிறாரே, இந்த ஆளுதான்!"

பின்னால் டப்பென்று சத்தம். கௌசிகன் நோட்டுப் புத்தகத்தைக் கீழே போட்டுவிட்டார். அதை எடுக்கக்கூடக் குனியாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இப்படி ஒரு கண்டிஷன் போட்டது யாரு? அவரா?"

"நான்தான் ஆன்டி."

"நீ போட்டதை நீயே..."

"அதெல்லாம் முடியாது. சொன்னது சொன்னதுதான்."

வள்ளியம்மா ஆன்டி மறுபடியும் சிரிக்க ஆரம்பித்தார். என்ன சிரிக்கிறார் என்று தெரியாமலே சீன ஆன்டியும் சேர்ந்து சிரித்தார். கடைசியில் வள்ளியம்மா ஆன்டி என்னை எழுப்பி, முகம் துடைத்து, நெற்றியில் குங்குமம் வைத்து, "வெள்ளிக்கிழமை வந்த பொண்ணை வெறுங்கையா அனுப்பமாட்டேன்" என்று ஒரு டஜன் கண்ணாடி வளையல் எடுத்துவந்து கைக்கு ஆறாகப் போட்டுவிட்டார். ஆரஞ்சு நிறம். எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத நிறம்.

திரும்பி வரும்போது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மானம் போச்சு, சாமானும் போச்சு. கௌசிகன் மட்டும் எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு ஓட்டினார். முகத்தில் ஆயிரம் வாட் பிரகாசம்.

"என்ன இளிப்பு?"

"ஒன்னும் இல்ல டீச்சர். நீங்க காருக்காகத்தான் அலையறீங்கன்னு நெனச்சிருந்தேன்."

"ரோட்டைப் பார்த்து ஓட்டுங்க."

"ஆவணியிலயும் நல்ல முகூர்த்தம் இருக்கு. நான் காத்திருப்பேன். நீங்க சொன்னதை மாத்தச் சொல்லிக் கேக்கமாட்டேன்."

கேளுங்களேன்யா, ஒரு தடவை கேட்டுத்தான் பாருங்களேன், என்று மனசுக்குள் கத்தினேன். வெளியே, "மிரரைப் பாருங்க" என்றேன்.

பிரிக்ஃபீல்ட்ஸ் வந்தது. மாலை நெரிசல். என் வீட்டு கேட் இடது பக்கம். எத்தனையோ நூறு தடவை அவரை இதே இடத்தில் திருப்பச் சொல்லியிருக்கிறேன். வேகத்தைக் குறைத்தார், கியரை மாற்றினார், மிரரைப் பார்த்தார். எல்லாம் சரி. அப்புறம் இடது பக்கம் திரும்பி என்னைப் பார்த்தார். அவ்வளவுதான், போச்சு. பின்னால் இருக்கிற மஞ்சள் விளக்கைக்கூடப் போடாமல் ஸ்டியரிங்கை ஒடித்தார்.

பக்கக் கண்ணாடியில் ஒரு மோட்டார் சைக்கிள், சாப்பாட்டுப் பெட்டியைக் கட்டிக்கொண்டு, இடது ஓரமாகப் பாய்ந்து வருகிறது.

"சிக்னல்ல்ல்!" என்று அலறிக்கொண்டே ஜன்னல் வழியாக என் இடது கையைத் தோள் வரைக்கும் வெளியே நீட்டினேன். இருபத்திரண்டு வருடப் பழக்கம், யோசித்துச் செய்யவில்லை. ஆறு வளையலும் மணிக்கட்டில் சலசலவென்று இறங்கின. மோட்டார் சைக்கிள்காரர் கிறீச்சென்று பிரேக் போட்டு நின்றார். மோரிஸ் திரும்பி என் கேட்டுக்கு முன்னால் வந்து, இரண்டு தரம் குலுங்கி, அணைந்துபோனது.

"எத்தனை தடவை சொல்றது மிஸ்டர் கௌசிகன்! லெஃப்ட்டுல திரும்பும்போது..." என்று ஆரம்பித்தேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு அப்பால், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் திரும்பிப் பார்த்தேன். காரின் இடது பக்கத்தில், அந்தக் காலித் தூணுக்கு ஒரு முழம் முன்னால், என் கை இன்னும் நீட்டிக்கொண்டு நின்றது. மாலை வெயிலில் ஆரஞ்சு வளையல் பளபளத்தது.

மெதுவாக, கோப்பில் கையெழுத்து வாங்க வந்தவர் மாதிரி பயந்து பயந்து கேட்டார். "டீச்சர்... மாமா காரு உங்க வீட்டு வாசல்ல லெஃப்ட் சிக்னல் காட்டித் திரும்பிச்சா, இல்லையா?"

எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அது நான் காட்டியது, கார் காட்டவில்லை, செல்லாது, போய்த் திரும்பி வாங்க! யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

"பரவால்ல," என்றேன். "இந்த ஒரு தடவை விட்டுடுறேன்."

அவர் கதவைத் திறந்து இறங்கினார். காரைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்தார். மோட்டார் சைக்கிள்காரர் இன்னும் எங்களைத் திட்டிக்கொண்டிருந்தார். இருவருக்கும் அது காதில் விழவில்லை. சட்டைப் பையிலிருந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்து, காரின் கூரைமேல் வைத்து, கடைசி வரிக்குப் பக்கத்தில் சரிக்குறி போட்டார். எட்டிப் பார்க்க முடியாமல் நான் ஜன்னலுக்குள் தவித்தேன்.

"ஆனி இருபத்தெட்டு," என்றார் கௌசிகன், நோட்டை மூடிக்கொண்டே. "கோயில்ல மூணு மாசம் முன்னாடியே சொல்லி வச்சிட்டேன்."

"என்னைக் கேக்காமலேயா? என்ன தைரியம் உங்களுக்கு! நான் என்ன..."

திட்டு பாதியில் நின்றுவிட்டது. கையை உள்ளே எடுக்க மறந்திருந்தேன். அவர் அதைப் பிடித்துக்கொண்டார்.